அமிர்தாஞ்சன் பாட்டிலும் நாலாவது ட்யூபும்

போன வருஷம் சம்பா நடவு அன்னிக்கு நடந்தது இது. மதியம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நடவுக்கு வந்திருந்த ஒரு அக்கா மடியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இது இன்னா மருந்துன்னு படிச்சி சொல்லேன். போட்டா அன்னிக்கே அரிப்பு நின்னு போவுது. ரெண்டு நாள் விட்டா முன்னைக்கு டபுளா வருது. நாலாவது ட்யூபு இது."

இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் படர்தாமரை. நாள் முழுக்க சேற்றுத் தண்ணியில் குனிந்து நிற்கிறவர்களுக்கு ஈரத்துணி இறுக்குகிற இடத்தில் வருவது. ட்யூபில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். மூன்று மருந்துப் பேர். ஒன்று பூஞ்சைக்கு, ஒன்று பாக்டீரியாவுக்கு. முதல் பேர் குளோபெட்டசால். அதை எனக்கு நல்லாவே தெரியும். சில வருஷம் முன்னாடி அதே பேர் போட்ட ட்யூபைத் தொடையிடுக்கில் தடவித் தடவி, தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

"சீட்டு கேட்டாங்களாக்கா?" என்றேன்.

"இன்னா சீட்டு? படர்தாமரைன்னேன், எடுத்துக் குடுத்தாரு."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்க அப்பா காலத்திலும் கடையில் கேட்டுத்தான் மருந்து வாங்கினார்கள், சீட்டு இல்லாமல்தான் வாங்கினார்கள். அந்த மருந்து யாரையும் கெடுக்கவில்லை. நடுவில் என்ன ஆச்சு? அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் மீஞ்சூருக்குப் பக்கம். ஏரியில் தண்ணி வத்தினால் ஆம்பளைகள் ரயிலேறி மெட்ராஸ் போவார்கள். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினார். அரிசி, உரம், சர்க்கரை எது வந்தாலும் தோளில்தான். தலைக்குச் சும்மாடு, கையில் கொக்கி. சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் முதுகில் ஏறி மிதிக்க வேண்டும். அப்புறம் அம்மா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். சுளுக்காக இருந்தால் புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துச் சூடாகப் பத்து போடுவார். கடைசியில் ராயபுரம் கடையில் வாங்கின அமிர்தாஞ்சன் பாட்டில் வெளியே வரும். ஒரு விரல் நுனிதான். அதுக்கு மேல் எடுத்தால் திட்டு விழும்.

அந்த ராயபுரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் அங்கேயிருந்துதான் கிளம்பியது. அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகில் போய்ச் சரக்கை இறக்கி, அலையில் நனைந்துகொண்டே கரைக்குச் சுமந்து வருவார்கள். 1881-ல் துறைமுகம் வந்தது, அதே வருஷம் ஒரு புயல் அதைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். கணக்குப் போட்டால் நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் ஏறின, இறங்கின சரக்கெல்லாம் மனுஷத் தோளைத் தொட்டுத்தான் போயிருக்கிறது. அத்தனை தோளும் ராத்திரியில் வலித்திருக்கும். அந்த வலிக்கு விற்ற சரக்குதான் தைலம்.

இதில் வேடிக்கை, அமிர்தாஞ்சன் மூட்டை தூக்குகிறவனை நினைத்து ஆரம்பித்தது கிடையாது. ஆந்திரா கிருஷ்ணா மாவட்டத்துக்காரர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கினார். முதலில் பாட்டுக் கச்சேரிகளில் தலைவலிக்கு என்று சும்மா கொடுத்துப் பழக்கினாராம். 1914-ல் தொழிலோடு மெட்ராஸ் வந்துவிட்டார். அந்தப் பணத்தில்தான் 'ஆந்திர பத்ரிகா' என்ற பத்திரிகையை நடத்தினார், சுதந்திரப் போராட்டத்துக்கும் கொடுத்தார். மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் வாக்கிங் போகிறவர்கள் இனிமேல் அவர் பேரைப் பார்த்தால் எங்க அப்பா முதுகையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியாகவும் தைலம் வந்தது, அது கடல் வழி. ரங்கூனில் 1870-களில் ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் ஒரு மருந்துக்கடை வைத்தார். அவர் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தத் தைலத்துக்குப் புலி படம் போட்டு, 1926-ல் வியாபாரத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் டைகர் பாம். ரங்கூன் அப்போது பாதி இந்திய ஊர் மாதிரி. துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் நம்ம ஆட்கள் கூலி. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினதும், கையில் ஒன்றும் இல்லாமல் கப்பல் கப்பலாக மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் துறைமுகத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. எண்ணூரில் இன்றைக்கும் பர்மா நகர் இருக்கிறது. (பர்மா பஜார் பக்கம் போனால் அத்தோ சாப்பிடாமல் வராதீர்கள்.)

கோடாலித் தைலமும் இதே கடல் வழிதான். சிங்கப்பூரில் 1928-ல் ஆரம்பித்த சரக்கு. சிங்கப்பூர், மலேயா போய்வந்தவர்கள் பெட்டியில் சேலை, சோப்பு, கூடவே பச்சை நிறத்தில் நாலு கோடாலித் தைலம். எங்க ஊரில் அந்தப் பாட்டில் இருக்கிற வீட்டுக்குத் தனி மரியாதை. தலைவலி என்று சொல்லி அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான். புதினா வகையிலிருந்து எடுக்கிற மெந்தால், கற்பூரம், நீலகிரித் தைலம், வின்டர்கிரீன் எண்ணெய். நீலகிரித் தைலம் என்று நாம் சொந்தம் கொண்டாடுகிற மரம் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மலையேறினது. மெந்தால் புதினா இன்றைக்கு உத்தரப் பிரதேசம் பாராபங்கி பக்கம் ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்கள். வின்டர்கிரீன் எண்ணெய் மட்டும் ஆஸ்பிரினுக்குப் பங்காளி முறை, கொஞ்சம் வீக்கத்தையும் பார்க்கும். மற்றதெல்லாம் வீக்கத்தை ஒன்றும் செய்வதில்லை. தோலில் இருக்கிற நரம்பை ஏமாற்றுகின்றன. மெந்தால் படாத குளிரைப் பட்டதாகச் சொல்கிறது. மிளகாய்க் காரம் படாத சூட்டைப் பட்டதாகச் சொல்கிறது. மூளை அந்தச் சேதியைக் கேட்கிற நேரத்தில் உள்வலியை மறக்கிறது. மிளகாய்க் காரம் எந்தக் கதவு வழியாக நரம்புக்குள் போகிறது என்று 1997-ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்தார். அதற்குத்தான் 2021-ல் நோபல் பரிசு. மிளகாய் பறித்த கையோடு கண்ணைக் கசக்கின எங்களுக்கு அந்தக் கதவு ரொம்ப நாளாகவே தெரியும், பேர்தான் தெரியாது.

அதனால் தைலம் செய்த வேலை இவ்வளவுதான்: அப்பாவைத் தூங்கவைத்தது. திங்கட்கிழமை திரும்ப மூட்டை தூக்க அனுப்பியது. தோள்மூட்டு தேய்ந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஒரு நல்லது, அது கெடுக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் உண்மையிலேயே வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. டைக்ளோபினாக் என்பது 1970-களில் சுவிட்சர்லாந்து கம்பெனி சீபா-கெய்கி உண்டாக்கியது. முதலில் மாத்திரை, ஊசி, அப்புறம் ஜெல். ஜெல்லுக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் கெடுதல். அதிலும் வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை பார்க்கிறவன் தினம் ரெண்டு வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் தாங்காது. காசிமேட்டில் வலை இழுக்கிறவர், திருவொற்றியூர் பட்டறையில் நிற்கிறவர், களத்தில் நெல் தூற்றுகிறவர் மூணு பேரும் செய்கிற தப்பு இது. அதே மருந்தை முழங்காலில் தடவினால் ரத்தத்தில் சேருவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் முழங்கால், கைவிரல் மாதிரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற மூட்டுக்குத்தான் ஜெல் நல்லா கேட்கும். இடுப்பு எலும்பு வரைக்கும் எந்த ஜெல்லும் இறங்காது. எங்களுக்கு வலி பாதிக்கு மேல் இடுப்பில்தான்.

இதே டைக்ளோபினாக்கை மாட்டுக்கு ஊசியாகப் போட்டது தனிக் கதை. அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்த பிறகு, 2004-ல்தான் காரணம் புரிந்தது, 2006-ல் மாட்டுக்குத் தடை வந்தது. எங்க தொழுவத்திலும் அந்த ஊசி விழுந்திருக்கிறது. அப்போது யாருக்குத் தெரியும். நம்ம மாநிலத்தில் மிச்சமிருக்கிற கழுகுகள் மாயாறு, முதுமலைப் பக்கம்.

இனி அந்த அக்காவின் ட்யூபுக்கு வருவோம். ஸ்டீராய்டு. கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்கு 1950-ல் நோபல் கொடுத்தார்கள். 1952-ல் அதன் உறவான ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பார்த்து, எக்ஸிமா அடங்குவதை அமெரிக்காவில் இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். தோல் வைத்தியமே அன்றோடு மாறிப்போச்சு. அப்புறம் அதைவிடக் காட்டமானது, அதையும்விடக் காட்டமானது என்று வந்து, அந்த வரிசையின் உச்சியில் உட்கார்ந்திருப்பது குளோபெட்டசால்.

இந்த மருந்தைத் திட்டுவதற்காக எழுதவில்லை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரையேறியது. டிவியில் பார்த்திருப்பீர்கள், வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து கச்சா எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஜனங்கள் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டினதைக் கையால் வழித்தார்கள். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்குக் காலெல்லாம் தார். அரிப்பு, எரிச்சல், கொப்புளம். எண்ணெய் பட்டு வருகிற அந்தத் தோல் அழற்சிக்கு, டாக்டர் பார்த்து எழுதி, சில நாள் மட்டும் போடுகிற ஸ்டீராய்டு களிம்பு சரியான மருந்துதான். அதற்கு மாற்றாக நம் ஆஸ்பத்திரிகளில் கிடைப்பது கொஞ்சம்.

ஆனால் அதே ட்யூபைப் படர்தாமரையில் போட்டால்? ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்றால், உடம்பு காட்டுகிற எதிர்ப்பை அடக்குகிறது. எதிர்ப்பு அடங்கினால் சிவப்பு போகும், அரிப்பு போகும். பூஞ்சைக்கு அதைவிடச் சௌகரியம் ஏது? காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வீட்டைத் திறந்துவைத்த மாதிரி. கூடவே கலந்திருக்கிற பூஞ்சை மருந்து அரைகுறையாகப் பட்டு, எந்தப் பூஞ்சை அதற்குத் தாக்குப்பிடிக்குமோ அது மட்டும் மிஞ்சும். ஒரே பூச்சிமருந்தைக் கணக்கில்லாமல் அடித்து, பூச்சிக்கு மருந்து கேட்காமல் போன கதை எங்க ஊரில் எல்லாருக்கும் தெரியும். தோலில் நடந்ததும் அதேதான். டெர்பினாஃபைன் மருந்துக்குச் சரியாக அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம்ம நாட்டில் பரவி, இப்போது உலகம் பூரா போயிருக்கிறது. 2020-ல் அதற்கு வைத்த பேர் டிரைகோபைட்டன் இன்டோடினியே. பேரிலேயே இந்தியா இருக்கிறது.

கண்ணால் பார்த்தால் எக்ஸிமாவும் படர்தாமரையும் பல சமயம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கு மருந்து, மற்றதுக்கு விஷம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சட்டையைத் தூக்கிப் பார்க்கப்போவதில்லை, "அரிப்பு" என்ற ஒரு சொல்லைக் கேட்டு எடுத்துக் கொடுக்கிறார். தோல் டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கத்தின பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அதே வருஷம் செப்டம்பரில் தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் இந்த மாதிரிக் கலவைக் களிம்புகளும் இருந்தன. அக்கா நாலு ட்யூப் வாங்கினது அதற்கெல்லாம் பிறகு.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். ட்யூப் வாங்கினால் அரை மணி நேரம்தான் போகும். ராயபுரத்திலேயே இருக்கிற ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஒரு காலத்தில் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பேர். அங்கே கஞ்சி ஊற்றின சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அந்தக் காலத்துக் கூலிக்காரன் கஞ்சிக்கும் மருந்துக்கும் ஒரே இடத்துக்குப் போனான். இன்றைக்கு மருந்துக்குப் போகிற நாளில் கஞ்சி இல்லை.

புது மருந்து வரவே இல்லையா? வந்திருக்கிறது. அதில் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நிலக்கடலையிலும் கரும்பிலும் வேர்ப்புழு விழுந்தால் அதைக் கொல்ல ஒரு வகை நூற்புழுவை மண்ணில் விடச் சொல்வார்கள். அந்த நூற்புழு வயிற்றில் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. புழுவுக்குள் புகுந்ததும் அதைக் கக்கும், புழு செங்கல் நிறமாகிச் சாகும், இருட்டில் லேசாக மினுங்கும்கூட. செத்த புழு அழுகாமல் இருக்க அந்த பாக்டீரியா சில சாறுகளைச் சுரக்கிறது. அதில் ஒன்றைக் கனடாவில் ஆராய்ந்தவர்கள் தோல் அழற்சியை அடக்கும் மருந்தாக்கினார்கள். பேர் டாபினரோஃப். ஸ்டீராய்டு இல்லை. 2019-ல் சீனாவிலும் 2022-ல் அமெரிக்காவிலும் சொரியாசிஸுக்கு அனுமதி கிடைத்தது, பிறகு எக்ஸிமாவுக்கும். எங்க வயல் மண்ணில் கிடக்கிற சாமான். அமெரிக்காவில் ஒரு ட்யூப் விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

இப்படி வருகிற புதுசெல்லாம் சொரியாசிஸ், எக்ஸிமா என்று பணம் கொடுக்கிற நாட்டு வியாதியைப் பார்த்துத்தான் வருகிறது. இடுப்பு வரைக்கும் இறங்குகிற ஒரு ஜெல், எண்ணெய் பட்ட கைக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒரு மலிவுக் களிம்பு, அடங்காத பூஞ்சைக்கு ஒரு மருந்து, இந்த மூன்றும் வந்தால் வாங்க எண்ணூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் வரிசையில் நிற்பார்கள். கையில் நூறு ரூபாயோடு நிற்பார்கள், அதுதான் கோளாறு.

அக்காவை மறுவாரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அன்றைய கூலியை நான் கொடுத்துவிட்டேன், பெரிய தர்மம் ஒன்றும் இல்லை, நடவு முடிந்திருந்தது. ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் வாரக்கணக்கில் சாப்பிட மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லாரும் வர வேண்டும், துணியை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும், ட்யூபை நிறுத்தின முதல் ரெண்டு வாரம் அதிகமாகத்தான் அரிக்கும், பயந்து மறுபடி போட்டுவிடாதீர்கள் என்று அந்த டாக்டரம்மா மூணு தடவை சொன்னார். அதிகமாகத்தான் அரித்தது. அக்கா என்னைத் திட்டினார். அப்புறம் மெதுவாக அடங்கியது, பொங்கலுக்குள் ஓரளவு சரியாச்சு.

நாலாவது ட்யூபைத் தூக்கிப் போட்டாச்சா என்று போன வாரம் கேட்டேன்.

"பாதி இருக்குதே தம்பி. காசு குடுத்து வாங்கினது. கூரைல சொருவி வெச்சிருக்கேன்."